மாஸ்டெக்டமி ஃபிட்டர் சான்றிதழ்: உடம்பையும் படிக்க வேண்டும், படிவத்தையும் படிக்க வேண்டும்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்ட ஒருவருக்குச் செயற்கை மார்பகத்தையும் அதைத் தாங்கும் பிராவையும் பார்த்துப் பொருத்தித் தருவது ஒரு தனி வேலை. மாஸ்டெக்டமி என்றால் மார்பகத்தை எடுக்கும் அறுவை; அமெரிக்காவில் இதைச் செய்பவரை மாஸ்டெக்டமி ஃபிட்டர் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளாடைக் கடையில் அளவெடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் தெரியும். அப்படியிருக்க, பயிற்சி வகுப்பு, மேற்பார்வையில் வேலை செய்த மணிக்கணக்கு, தேர்வு, அதன்பின் காலந்தோறும் புதுப்பிப்பு என்று ஏன் இத்தனை ஏற்பாடு? இதைத் தெரிந்துகொள்ளாமல் பாடத்தைத் திறப்பவர்களுக்கு, எதை ஊன்றிப் படிப்பது, எதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்பது கடைசிவரை பிடிபடாது.

பணம் யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் காரணம் விளங்கும். அங்கே செயற்கை மார்பகம் சட்டப்படி துணிமணி வகையில் வராது. செயற்கைக் கால், செயற்கைக் கண் போல அதுவும் இழந்த உறுப்புக்கு ஈடாக வைக்கும் மருத்துவச் சாதனம். அதனால் பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டமும் தனியார் காப்பீடும் அதற்குப் பணம் தருகின்றன. பணம் தருகிறவர், பொருத்தியவருக்குத் தகுதி இருந்ததா, பொருள் உண்மையிலேயே தேவைப்பட்டதா, கொடுத்ததற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பார். ஆகவே சான்றிதழுக்குப் படிப்பவர் இரண்டு பாடங்களைச் சுமக்கிறார். ஒன்று உடம்பு, மற்றொன்று படிவம். பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தத் தொழிலை உருவாக்கியவர்களில் பலர் அறுவை சிகிச்சையைத் தாங்களே கடந்து வந்தவர்கள். 1950களின் தொடக்கத்தில் டெரீஸ் லாசர் என்ற நியூயார்க் பெண்மணி, மார்பகம் எடுத்த மற்ற பெண்களை மருத்துவமனையிலேயே போய்ச் சந்தித்து, கைக்கு என்ன பயிற்சி, உடைக்குள் எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தரத் தொடங்கினார். ரீச் டு ரிகவரி என்ற அந்த இயக்கத்தை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னுடைய திட்டமாக ஏற்றுக்கொண்டது. அடுத்தவர் ரூத் ஹேண்ட்லர். பார்பி பொம்மையைப் படைத்தவர். 1970இல் அவருக்கு மார்பகம் எடுக்கப்பட்டது. அப்போது கடைகளில் கிடைத்த செயற்கை மார்பகங்கள் உருவமே இல்லாமல் இருந்ததைப் பார்த்து எரிச்சலடைந்து, பெய்டன் மாஸி என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து இடது, வலது என்று தனித்தனியாக ‘நியர்லி மீ’ என்ற பெயரில் தயாரித்து விற்றார். கடை கடையாகப் போய்ப் பொருத்திக் காட்டிய அவருடைய குழுவிலும் பெரும்பாலோர் இதே சிகிச்சையைக் கண்டவர்கள்தான். 1974இல் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட அதிபர் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் ஹேண்ட்லரே பொருத்தினார்.

அந்தக் காலத்தில் அனுபவமே தகுதியாக இருந்தது. பிறகு காப்பீடு வந்தது. மார்பக அகற்று சிகிச்சைக்குப் பணம் தருகிற காப்பீட்டுத் திட்டங்கள், மார்பகத்தை மறுபடி உருவாக்கும் மறுசீரமைப்பு அறுவை, செயற்கை மார்பகம், நிணநீர் வீக்கம் (கையில் நீர் கோத்து வீங்குவது) உள்ளிட்ட பின்விளைவுகளுக்கான சிகிச்சை ஆகியவற்றுக்கும் தர வேண்டும் என்று 1998இல் தனிச் சட்டம் போட்டார்கள். 2008இல் வந்த மெடிகேர் சீர்திருத்தச் சட்டம், இத்தகைய சாதனங்களை வழங்கும் நிறுவனங்கள் தர அங்கீகாரம் பெற்றாக வேண்டும் என்பதை உறுதியாக்கியது. அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் கடைக்கு, சான்றிதழ் ஆளுக்கு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

ஆளுக்கான சான்றிதழை முக்கியமாக இரண்டு அமைப்புகள் தருகின்றன. செயற்கை உறுப்புத் துறையில் 1948 முதல் இருக்கும் ஏபிசி (அமெரிக்கன் போர்டு ஃபார் சர்டிஃபிகேஷன்) ஒன்று, 1984இல் தொடங்கிய பிஓசி (போர்டு ஆஃப் சர்டிஃபிகேஷன்) மற்றொன்று. இரண்டிலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், அங்கீகரித்த பயிற்சி வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும், மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பொருத்திப் பழக வேண்டும், பிறகு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைத் தேர்வு எழுத வேண்டும். மணிக்கணக்கையும் கட்டணத்தையும் அவ்வப்போது மாற்றுவார்கள். விண்ணப்பிக்கிற அன்று அந்த அமைப்பின் கையேட்டில் இருப்பதே செல்லும். சில மாநிலங்கள் இவற்றோடு தனி உரிமமும் கேட்கின்றன.

வகுப்புக்கு வருபவர்கள் மூன்று வாசல் வழியாக வருகிறார்கள். உள்ளாடைக் கடையில் நெடுநாள் இருந்தவர், செவிலியராகவோ மருத்துவ உதவியாளராகவோ இருந்தவர், மருத்துவச் சாதனக் கடையில் பில் போடும் பகுதியில் இருந்தவர். முதல் வகையினருக்கு பிரா அளவு கண்ணாலேயே தெரியும். தழும்புக்கு அடியில் என்ன இல்லை என்பது தெரியாது. இரண்டாமவருக்கு நிணநீர் முடிச்சைப் பற்றி வகுப்பே எடுக்கத் தெரியும். கப் அளவைக் கேட்டால் முழிப்பார். மூன்றாமவர் குறியீட்டு எண்களை ஒப்பிப்பார், ஆனால் மேலாடை இல்லாத ஒரு பெண்ணின் முன்னால் எங்கே நிற்பது என்று தெரியாமல் சங்கடப்படுவார். தயாரிப்பு என்பது ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இடத்தில் தொடங்க வேண்டியது. தெரிந்ததையே மறுபடி மறுபடி படிப்பது சுகமாக இருக்கும். மதிப்பெண் தெரியாத பக்கத்தில் இருக்கிறது.

உடம்பு என்ற பாடம்

பலரும் தயாரிப்பாளர்களின் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குகிறார்கள். இந்த மாடல் முக்கோணம், அந்த மாடல் கண்ணீர்த்துளி, இது இலேசு, அது ஒட்டக்கூடியது என்று. இது தலைகீழ் என்பது என் எண்ணம். முதலில் மார்புச் சுவர், அப்புறம்தான் மாடல்.

எந்த அறுவை சிகிச்சை எதை எடுத்துச் செல்கிறது என்று தெரிந்தால், எங்கே பள்ளம் விழும் என்பது தானே தெரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ஹால்ஸ்டெட் நிலைநாட்டிய ராடிக்கல் மாஸ்டெக்டமியில் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவார்கள். காறை எலும்புக்குக் கீழே குழி விழும், விலா எலும்பு தெரியும். 1971இல் தொடங்கிய பெர்னார்டு ஃபிஷரின் ஆய்வுகள், இப்படி அதிகமாக வெட்டி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டின. இன்று அது அரிது. மாற்றியமைத்த ராடிக்கல் முறையில் பெரிய மார்புத் தசை இருக்கும், அக்குள் முடிச்சுகள் போயிருக்கும். ஆகவே மேலே ஓரளவு நிறைவாகவும் அக்குள் பக்கம் காலியாகவும் இருக்கும். மார்பகத்தை மட்டும் எடுக்கும் சிம்பிள் மாஸ்டெக்டமியில் அக்குளும் பெரும்பாலும் தப்பிவிடும். கட்டியை மட்டும் எடுத்தவருக்கு முழு வடிவம் (செயற்கை மார்பகத்தைத் தொழிலில் இப்படித்தான் சொல்வார்கள்) தேவைப்படாது, குறைந்த இடத்தை நிரப்பும் மெல்லிய ஓடு போன்ற பகுதி வடிவம் போதும். மறுசீரமைப்பு செய்துகொண்ட பிறகும் இரண்டு பக்கமும் ஒத்துவராமல் இதே பகுதி வடிவத்தைத் தேடி வருபவர்கள் உண்டு.

இப்போது மாடல்களுக்கு வரலாம். அக்குள் பக்கம் காலி என்றால், அந்தப் பக்கம் நீண்டு நிரப்பும் இடது வலது பேதமுள்ள வடிவம். பள்ளம் நடுவில் மட்டும் என்றால் சமச்சீரான முக்கோணம். மேலே குழி என்றால் மேல்நுனி உயர்ந்த வடிவம். பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு நிறுவனத்தின் மாடல் எண்கள்தான் தெரியும். உடம்பைப் படித்தவர் எந்த நிறுவனத்தின் பெட்டியையும் திறந்து தேர்ந்தெடுப்பார்.

நரம்புகளையும் விட்டுவிடக் கூடாது. அக்குளில் அறுவை நடக்கும்போது மேல்கையின் உட்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு அறுபடுவது சகஜம். அந்த இடம் மரத்துப்போயிருப்பதால் பிராவின் தையல் உரசிப் புண்ணாவதை அந்தப் பெண் உணர மாட்டார். பக்கவாட்டு நரம்பு ஒன்று அடிபட்டால் தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி வெளியே துருத்தும், கையைத் தூக்கச் சிரமப்படுவார். அவருக்குப் பின்கொக்கி வைத்த பிராவைக் கொடுத்து அனுப்புவதில் என்ன பயன்? முன்கொக்கி வேண்டும். இது போன்ற கேள்விகளில் உடற்கூறும் பொருளும் ஒரே வரியில் சேர்ந்து வரும்.

நிணநீர் வீக்கம் இன்னும் முக்கியம். முடிச்சுகள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையில், சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் நீர் கோக்கலாம். மோதிரம் இறுகுகிறது, சட்டைக் கை பிடிக்கிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தோளில் பதியும் மெல்லிய பட்டை அவருக்கு ஆகாது. அகலமான பட்டையும் இலேசான வடிவமும் பார்க்க வேண்டும். எடை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் முதுகு நேராக நிற்கும் என்று தயாரிப்பாளர்கள் அழுத்திச் சொல்வார்கள். இலேசானதே வசதி என்கிற பெண்ணிடம் அந்த விளம்பர வாசகத்தைச் சொல்லி வாதாடத் தேவையில்லை.

அறைக்குள்

பொருத்துவதில் வரிசை மாறக் கூடாது. முதலில் பிரா, பிறகு வடிவம். பிரா உடம்போடு உட்காராவிட்டால் அதற்குள் எவ்வளவு நல்ல சிலிக்கோனை வைத்தாலும் தொங்கும், நகரும், கழுத்துப் பக்கம் எட்டிப் பார்க்கும். மார்புக்குக் கீழே நாடாவை இறுக்கமாகச் சுற்றி அளப்பது அடிச்சுற்று. மேல்சுற்றை அளக்கும்போதுதான் பழைய கடைப் பழக்கம் காலை வாரும்: ஒரு பக்கம் மார்பகம் இல்லாதவரை முழுச் சுற்றும் அளந்தால் அளவு குறைவாகவே வரும். மார்பெலும்பின் நடுவிலிருந்து இருக்கிற மார்பகத்தின் நிறைவான பகுதி மேலாக முதுகுத்தண்டு வரை அளந்து, அதை இரட்டிப்பாக்க வேண்டும். அடிச்சுற்றுக்கும் இதற்கும் ஓர் அங்குல வித்தியாசம் ஏ கப், இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. இதெல்லாம் தொடக்கம்தான், கடைசித் தீர்ப்பு கண்ணுக்கும் கைக்கும்.

பிராவில் பார்க்க வேண்டியவை சில. வடிவம் நழுவாமல் இருக்க உள்ளே பை, தழும்பை மூடும்படி அக்குள் பக்கமும் நடுவிலும் உயர்ந்த வெட்டு, மார்பெலும்போடு ஒட்டி உட்காரும் நடுப்பகுதி. எடையைத் தாங்க வேண்டியது அடிப்பட்டி. தோள்பட்டை கூட இருந்து உதவும், அவ்வளவே. பட்டைக்கு அடியில் ஒன்றிரண்டு விரல் நுழைய வேண்டும்.

வடிவத்தைப் பைக்குள் நுழைத்ததும் ஓரங்களை விரலால் சுற்றித் தடவி, மடங்காமல் படிய வைக்க வேண்டும். பிறகு முன்னிருந்து பார்ப்பது, பக்கவாட்டில் பார்ப்பது, கையைத் தூக்கச் சொல்வது, உட்காரச் சொல்வது, குனியச் சொல்வது. குனியும்போது வடிவத்தின் மேல் ஓரம் நெஞ்சை விட்டு விலகினால், அது அளவில் பெரிது, அல்லது பிராவின் மேற்பகுதி தளர்வு. இதில் புதியவர்கள் மறப்பது ஒன்று: எதிரில் நிற்கிற நாம் அவரை முன்னாலிருந்து பார்க்கிறோம். அவரோ நாள் முழுக்கத் தன்னை மேலிருந்துதான் பார்க்கிறார். கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரிந்தாலும், அவர் தலைகுனிந்து பார்க்கையில் கழுத்து வெட்டுக்குள் ஓர் ஓரம் தெரிந்தால், வீட்டுக்குப் போன பிறகு அந்த வடிவம் அலமாரியில்தான் இருக்கும். ஆகவே அவர் பின்னால் போய் நின்று, தோளுக்கு மேலாக, அவர் பார்க்கிற கோணத்தில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

தொடுவதற்கு முன் கேட்பது, கை கழுவுவது, போட்டுப் பார்க்கும் வடிவத்தை உறைக்குள் வைத்துக் கொடுப்பது, ஒருவர் போட்டதைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குக் கொடுக்காமலிருப்பது, இவை மரியாதை மட்டுமில்லை, தேர்விலும் வருபவை. கண்ணாடியை எப்போது காட்டுவது என்பது எந்தப் பாடத்திலும் முழுதாகக் கிடைக்காது. அறுவைக்குப் பிறகு தன் மார்பை இன்னும் சரியாகப் பார்க்காதவர்கள் வருவார்கள். நேராகக் கண்ணாடி முன் நிறுத்திவிட்டு நாடாவை எடுப்பது தவறு. நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று வாய் தவறிச் சொல்வதும்.

ஃபிட்டர் நோயைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர் இல்லை. தழும்பில் சிவப்பு, கசிவு, புதிய கட்டி, திடீர் வீக்கம் தெரிந்தால் பொருத்துவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். ‘இது மறுபடி வந்திருக்குமோ’ என்று வாயைத் திறக்கக் கூடாது. ‘ஒன்றும் இருக்காது, கவலைப்படாதீர்கள்’ என்பதும் அதே அளவு தவறு, ஏனென்றால் அதுவும் நோய் பற்றிய தீர்ப்புதான். நல்ல மனசுக்காரர்கள் தேர்வில் தவறவிடக்கூடிய கேள்வி இது: ஆறுதல் சொல்லும் விடை கவர்ச்சியாக இருக்கும், நிறுத்தி அனுப்பும் விடைதான் சரியாக இருக்கும்.

படிவம் என்ற பாடம்

இந்தப் பகுதி சலிப்பூட்டும் என்பது உண்மை. ஆனாலும் கணக்குப் போல, ஒரு முறை புரிந்தால் மறக்காது. மெடிகேர் முறையில் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. பையுள்ள பிரா எல் 8000, அறுவைக்குப் பின் உடனே போடும் வடிவத்தோடு கூடிய உள்சட்டை எல் 8015, பஞ்சு அல்லது நுரை வடிவம் எல் 8020, சாதாரண சிலிக்கோன் எல் 8030. சிலிக்கோனுக்குப் பயன்பாட்டுக் காலம் 2 ஆண்டு, நுரை, துணி, பஞ்சு வகைக்கு 6 மாதம், தனியாக ஒட்டும் காம்பு வடிவத்துக்கு 3 மாதம். அதற்குள் தேய்ந்து போனது என்று மாற்றுக் கேட்டால் கிடைக்காது. தொலைந்தாலோ சரிசெய்ய முடியாதபடி சேதமானாலோ கிடைக்கும். உடல்நிலை மாறி வேறு வகை தேவைப்பட்டாலும் கிடைக்கும். பிராவுக்குப் பணம் வருவது அதன் பைக்குள் வடிவம் வைக்கப்படும்போதுதான்.

தானாக ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன், அளவெடுத்துத் தனியாகச் செய்யும் வடிவம் ஆகியவை சாதாரண வடிவத்தைவிட மருத்துவ ரீதியாக அவசியமானவை என்று மெடிகேர் ஏற்பதில்லை. அவற்றை விரும்புகிறவரிடம், பணம் வராமல் போகலாம், அப்போது செலவு உங்களுடையது என்று எழுத்தில் முன்கூட்டியே அறிவித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பொருளைக் கொடுத்த பிறகு வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

மருத்துவர் எழுதும் ஆணையில் நோயாளியின் அடையாளம், தேதி, பொருளின் விவரம், எத்தனை என்ற எண்ணிக்கை, மருத்துவரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். காப்பீட்டுக்கு அனுப்பும் பணக் கோரிக்கையில் இடதா வலதா என்ற குறிப்பு விடுபட்டால் அது திரும்பி வரும். கொடுத்ததற்கான கையெழுத்து உட்பட ஆவணங்களை 7 ஆண்டு பாதுகாக்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்பையும் அவர் சொன்னது, நாம் பார்த்தது, நம் முடிவு, அடுத்து செய்யப்போவது என்ற வரிசையில் எழுதப் பழக வேண்டும். மேற்பார்வையில் பழகும் மணி நேரங்களில் பலர் பொருத்துவதை மட்டும் பார்த்துவிட்டு எழுதுவதை மேற்பார்வையாளரிடம் விட்டுவிடுகிறார்கள். அந்த மணி நேரம் பாதிதான் பயன்பட்டது.

இரண்டு பாடமும் எங்கே கைகோக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். கற்பனைதான், ஆனால் தேர்வில் வருகிற ஜாதி. அறுவை முடிந்து நான்கு வாரம் ஆன பெண் வருகிறார். தழும்புக்கு அடியில் கொஞ்சம் நீர் இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் ரேடியேஷன். வீட்டில் விசேஷம் வருகிறது, சிலிக்கோன் இன்றே வேண்டும் என்கிறார். மருத்துவரின் ஆணையும் கையில் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

உடம்பின் பக்கம் பார்த்தால், சிலிக்கோனுக்கு வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் காத்திருப்பார்கள், அதுவும் அறுவை மருத்துவர் சரி என்ற பிறகு. நீர் வடிந்ததும் மார்பின் அளவு மாறும். ரேடியேஷனில் தோல் சிவந்து நொய்ந்துபோகும், எடையும் வெப்பமும் அதற்கு ஆகாது. படிவத்தின் பக்கம் பார்த்தால், இன்று சிலிக்கோன் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்தே அந்த 2 ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும். மூன்று மாதத்தில் அது பொருந்தாமல் போனால், மாற்றுக்கு அவர் புதிதாகக் காரணம் காட்டிப் போராட வேண்டியிருக்கும். இன்றைக்குச் சரியான விடை, பஞ்சு வடிவத்தைப் பையுள்ள மென்மையான பிராவில் வைத்து, விசேஷத்துக்குப் போடப்போகிற உடையையே கொண்டுவரச் சொல்லி, அதை மேலே போட்டுச் சரிபார்த்து அனுப்புவது. நீர் இருப்பதை மருத்துவருக்குத் தெரிவிப்பது. ரேடியேஷன் முடிந்து தோல் ஆறிய பிறகு சிலிக்கோனுக்கு நாள் குறிப்பது. இவ்வளவையும் எழுதி வைப்பது. உடம்பை மட்டும் படித்தவரும் பஞ்சு வடிவம் என்றே சொல்லக்கூடும், ஆனால் ஏன் இன்று சிலிக்கோன் அந்தப் பெண்ணுக்குப் பண நட்டமும் கூட என்று விளக்கத் தெரியாது. படிவம் மட்டும் தெரிந்தவர் ஆணை இருக்கிறதே என்று கொடுத்துவிடுவார்.

படிக்கும்போது இப்படிப்பட்ட ஆட்களைத் தானே உருவாக்கிக்கொள்வது நல்ல பயிற்சி. எழுபது வயதில் எலும்பு நொய்ந்தவர். நீச்சலுக்குப் போகிறவர், அவரிடம் நீச்சலுக்கான வடிவத்தைப் பற்றியும் குளோரின் தண்ணீரை உடனே அலசிவிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மேலாடையில் ஊசி குத்தும் பழக்கமுள்ளவர், நகம் கீறும் பூனை வளர்ப்பவர். சிலிக்கோனின் மெல்லிய தோல் எதற்குக் கிழியும் என்று இவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்த ஆண். ஒவ்வொருவருக்கும் நான்கு கேள்வி: என்ன அறுவை, எங்கே பள்ளம், எது கொடுப்போம், என்ன எழுதுவோம். இரண்டு அமைப்புகளும் தேர்வின் பாடத்திட்டத்தை வெளியிடுகின்றன. எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பார்த்து, இந்த ஆட்களை அதன்படி பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், பாடநூல் பழையதா என்று பார்க்க வேண்டும். மறுசீரமைப்பும் வேண்டாம், செயற்கை மார்பகமும் வேண்டாம், மார்பைத் தட்டையாக ஒழுங்காகத் தைத்து மூடுங்கள் என்று கேட்கும் பெண்கள் இப்போது கூடிவருகிறார்கள். பழைய புத்தகங்கள் அவர்களைப் பொருத்தத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டியவர்கள் போல நடத்தும். அவர்கள் கேட்டு வருவது தழும்பில் உரசாத உள்ளாடையாக மட்டும் இருக்கலாம், அதைக் கொடுத்து அனுப்புவதும் இந்த வேலைதான். நிணநீர் வீக்கத்துக்கான அழுத்த உடைகளுக்கு மெடிகேர் பணம் தரத் தொடங்கியது 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து. அதற்கு முன் அச்சான குறிப்பேட்டில் ‘கிடைக்காது’ என்றுதான் இருக்கும். அதை நம்பி, வீங்கிய கையோடு வந்தவரைக் கைக்காசு போட்டு வாங்கச் சொல்லி அனுப்பக் கூடாது.